மாமாவோட குளம் உடைஞ்சா யாரு பொறுப்பு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

கோட்டாறுல பொறந்து வளர்ந்தவங்க கையில தனியா ஒரு காலண்டர் இருக்கும். சவேரியார் கோயில்ல கொடியேறியாச்சுன்னா மழை வந்தாச்சுன்னு அர்த்தம். நவம்பர் கடைசியில தொடங்கி டிசம்பர் 3 வரைக்கும் திருவிழா. சின்ன வயசுல புதுச் சட்டை போட்டுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டே சுத்தினதுதான் எனக்கு ஞாபகம். 2017-ல ஒக்கி புயல் வந்ததும் அதே நாட்கள்லதான். இப்போ நான் இருக்கிறது சென்னையில. ஆனா டிசம்பர் வந்தா ஊர்ல என்ன மழைன்னு போன்ல பார்க்காம தூங்க முடியறதில்லை.

காரணம், எங்க மாமாவோட குளம்.

கோட்டாறுல இருந்து வடக்கே போய், பூதப்பாண்டி தாண்டி, மலையடிவாரத்துக்குப் போனா தடிக்காரன்கோணம் பக்கம் எல்லாமே ரப்பர் தோட்டம். அங்கே எங்க அம்மாவோட அப்பா, அதாவது எங்க பாட்டா, ஒரு துண்டு நிலம் வாங்கினார். ரெண்டு பக்கமும் மேடு, நடுவுல மழைக்காலத்துல மட்டும் ஓடற ஒரு ஓடை. அந்த ஓடைக்குக் குறுக்கே ஆளை வச்சு மண் வெட்டிப்போட்டு, மாட்டையும் ஆளையும் மிதிக்க விட்டு ஒரு கரை போட்டார். உயரம் 13 அடி. தேங்கற தண்ணி ஒரு ஏக்கர் பரப்பு. எங்க வீட்ல அதைக் குளம்னுதான் சொல்வோம். இன்ஜினியர்கிட்ட கேட்டா மண் அணைன்னு சொல்வார். ரெண்டும் ஒண்ணுதான்.

ஒரு ஏக்கர் குளம்னா சின்னதுன்னுதானே தோணுது? சராசரியா 2 மீட்டர் ஆழம்னு வச்சுக்குவோம். 8,000 கன மீட்டர் வருது. 80 லட்சம் லிட்டர். சென்னையில அப்பார்ட்மெண்டுக்கு வர்ற 12,000 லிட்டர் தண்ணி லாரி இருக்கே, அதுல கிட்டத்தட்ட 670 லாரி. அத்தனையையும் ஒரு சரிவோட உச்சியில வரிசையா நிறுத்தி, எல்லா வால்வையும் ஒரே நேரத்துல திறந்துவிட்டா எப்படி இருக்கும்? அந்தச் சரிவுல இப்போ நாலு வீடு இருக்கு. பாட்டா கரை போட்டப்போ அங்கே வயல் மட்டும்தான் இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோட நின்னுபோச்சு. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள்ல குளம் குளமா கரை உடைஞ்சது. எங்க பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் 17-ந் தேதி ராத்திரி மாமா போன் பண்ணினார். அவர் பதறி நான் கேட்டதே இல்லை. அன்னைக்கும் பதறலை; குரல் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. "மருமவனே, தண்ணி கரைக்கு ஒரு சாண் கீழ நிக்கு"ன்னார்.

கரை உடையலை. மழை விட்டுடுச்சு, அவ்வளவுதான். அதுல எங்க சாமர்த்தியம் எதுவுமே கிடையாது. அதனாலதான் இந்த எபிசோட்.

மண் கரைங்கிறது ஒரு விசித்திரமான சாமான். ஒரு பக்கம் தண்ணியை வச்சுக்கிட்டு நூத்துக்கணக்கான வருஷம் நிக்கும். நாஞ்சில் நாட்டுக் குளங்களே அதுக்குச் சாட்சி. அதே கரையோட உச்சி மேல ஒரு அரை மணி நேரம் தண்ணி வழிஞ்சா ஆட்டம் முடிஞ்சது. கான்கிரீட் அணை மேல தண்ணி வழிஞ்சா பல நேரம் தாங்கிடும். மண்ணு தாங்காது. வழியற தண்ணி வெளிச்சரிவுல இறங்கறப்போ வேகம் எடுக்கும். கரையோட அடிவாரத்துல முதல்ல ஒரு சின்னப் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் படிப்படியா மேல ஏறி, உச்சிக்கு வந்து, தண்ணிப் பக்கத்தைத் தொட்டதும் வாய் திறந்துடும். அதுக்கப்புறம் வெளியேறற தண்ணியே வாயை அகலமாக்கிக்கிட்டுப் போகும். மணல் மூட்டை போட்டு அடைக்கறதெல்லாம் அதுக்கு முன்னாடி நடந்தாத்தான் உண்டு.

அதனால மண் கரை போட்ட யாரும் இதோட கூடவே இன்னொண்ணையும் கட்டுவாங்க: தண்ணி கரை மேல ஏறறதுக்கு முன்னாடி, பக்கவாட்டுல, கெட்டியான தரை மேல அதுவா வழிஞ்சு போக ஒரு பாதை. வடக்கே கலிங்கு, கலங்கல்னு சொல்வாங்க. நம்ம பக்கம் மறுகால். "குளம் மறுகால் பாயுது"ன்னு ஊர்ல சொல்றது சந்தோஷச் செய்தி. குளம் நிறைஞ்சிருக்கு, மிச்சத் தண்ணி ஒழுங்கா போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம். மடை வேற, மறுகால் வேற. மடை நாம திறந்தாத்தான் திறக்கும், வயலுக்குத் தண்ணி விட. மறுகாலுக்கு ஆளே வேண்டாம். ராத்திரி 2 மணிக்கு நீங்க தூங்கிக்கிட்டு இருந்தாலும் அது வேலை செய்யும். யாரும் அடைக்காம இருந்தா.

பாட்டா கட்டின மறுகால் 12 அடி அகலம். கிழக்கு ஓரத்துல, கருங்கல் பாவி, கரையோட உச்சியை விட 2 அடி தாழ்வா. அவர் போன பிறகு தோட்டம் மாமா கைக்கு வந்தது. ரப்பர் ஷீட் ஏத்த வண்டி உள்ளே வரணும், கரை மேலதான் பாதை, நடுவுல இந்தப் பள்ளம் இடைஞ்சல். மாமா மறுகாலை மண்ணு போட்டு மூடிட்டார். மூடிட்டு, "தண்ணி போறதுக்கு வழி வேணும்லா"ன்னு அடியில ரெண்டு 6 இஞ்ச் பிவிசி பைப் போட்டார். அப்புறம் கட்லா, ரோகு மீன் குஞ்சு வாங்கி விட்டார். மீன் தப்பிச்சுப் போகக்கூடாதுன்னு பைப் வாயில வலை கட்டினார்.

தனித்தனியா பார்த்தா எல்லாமே நியாயமான காரியம்தான். இப்போ கணக்குப் போடுவோம்.

அந்த ஓடைக்குத் தண்ணி தர்ற சரிவு சுமார் 50 ஏக்கர். நாலு நாளா மழை பெஞ்சு மண்ணு ஊறிப்போயிருக்கு, இனி குடிக்காது. அப்போ ஒரு மணி நேரத்துல 5 சென்டிமீட்டர் பெய்யுது. அத்தனையும் ஓடி வருது. விநாடிக்கு 2,800 லிட்டர். மொட்டை மாடியில ஆயிரம் லிட்டர் கருப்பு டேங்க் இருக்குல்ல? விநாடிக்கு அதுல கிட்டத்தட்ட மூணு. ஒரு 6 இஞ்ச் பைப் அந்த உயரத் தண்ணியில நல்லா தள்ளினா விநாடிக்கு 50 லிட்டர் தள்ளும். ரெண்டு பைப்புக்கு நூறு. அந்த மழையைச் சமாளிக்க 56 பைப் வேணும். வலையில இலையும் சருகும் அடைச்சா அந்த ரெண்டும் இல்லை.

குளம் ஏற்கனவே நிறைஞ்சிருந்தா மிச்சம் இருக்கிறது அந்த 2 அடி உயரம்தான். அதுல பிடிக்கிறது 2,400 கன மீட்டர். நிமிஷத்துக்கு 170 கன மீட்டர் வந்தா, கால் மணி நேரத்துல தண்ணி கரை மேல. போன் பண்ணி யாரையாவது எழுப்பறதுக்குள்ள.

இதே கணக்கைப் பாட்டாவோட மறுகாலுக்குப் போட்டுப் பார்த்தேன். 12 அடி அகலம், 2 அடி ஆழத்துல தண்ணி வழிஞ்சா விநாடிக்குக் கிட்டத்தட்ட 2,900 லிட்டர் போகும். அதாவது அதே மழையை மயிரிழையில தாங்கும். பாட்டா எட்டாங்கிளாஸ். இந்த ஃபார்முலா எதுவும் அவருக்குத் தெரிஞ்சிருக்காது. எத்தனை அடி வேணும்னு எந்த மழையைப் பார்த்து முடிவு பண்ணினாரோ!

மறுகாலை அடைக்கிற ஆசை நம்ம மாமாவுக்கு மட்டும் வந்ததில்லை. பழைய கலிங்குகள்ல குத்துக்கல் வரிசையா நட்டு வச்சிருப்பாங்க. மழைக்காலம் முடியறப்போ அந்தக் கல்லுங்களுக்கு நடுவுல மண்ணும் வைக்கோலும் வச்சு இன்னும் ஒரு முழம் தண்ணி பிடிச்சுக்கலாம். வெள்ளம் வர்ற நேரம் அதை எடுத்துடணும். எடுக்கிறதுக்குன்னு ஊர்ல ஆள் இருந்தாங்க. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையன்னு ஊருக்கு ஊர் பேரு மாறும். மடையன்னு இன்னைக்கு நாம திட்டறதுக்கு வச்சிருக்கிற வார்த்தை அந்த வேலையோட பேரும்கூட. மழை ராத்திரியில குளத்துல இறங்கறவன் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குவான். அதை நாம எப்படித் திட்டு வார்த்தையாக்கினோம்னு தெரியலை.

அமெரிக்காவுல ஜான்ஸ்டவுன்னு ஒரு ஊர், பென்சில்வேனியாவுல. அதுக்கு மேல மலையில ஒரு பழைய மண் அணை. நம்ம குளத்தை விடப் பல மடங்கு பெருசு, 70 அடிக்கு மேல. அதைப் பணக்காரங்க சேர்ந்து நடத்தின மீன்பிடி கிளப் ஒண்ணு வாங்கினது. ஆண்ட்ரூ கார்னகி அதுல மெம்பர். அடியில தண்ணியை வெளியே விடற இரும்புக் குழாய்களை முந்தின ஓனரே பிடுங்கி வித்திருந்தார். கிளப் அதைத் திரும்பப் போடலை. குதிரை வண்டி ரெண்டு எதிரெதிரா போகணும்னு கரையோட உச்சியைத் தாழ்த்தினாங்க. மீன் போயிடக்கூடாதுன்னு மறுகால்ல கம்பி வலை அடிச்சாங்க. 1889 மே 31, பெருமழை. அணை மேல தண்ணி வழிஞ்சு உடைஞ்சது. செத்தவங்க 2,209 பேர். வண்டிப் பாதை, மீன் வலை. மாமாகிட்ட இந்தக் கதையைச் சொன்னப்போ கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அவன் கட்லா விட்டிருந்தானா?"ன்னு கேட்டார்.

அது பெரிய அணை, ரொம்பப் பழைய கதைன்னு விட்டுடலாமா? முடியாது. ஹவாய்ல காவாய் தீவு. கரும்புத் தோட்டத்துக்காக 1890-ல போட்ட மண் அணை ஒண்ணு, கா லோக்கோன்னு பேரு. பின்னாடி ஒரு கார் வியாபாரி கைக்கு வந்தது. 2006 மார்ச் 14 விடியக்காலையில உடைஞ்சு 7 பேரைக் கொண்டுபோச்சு. அரசு நியமிச்ச விசாரணையில, மறுகாலை மண்ணு போட்டு மூடியிருக்கலாம்னு தெரிஞ்சது. ஓனருக்கு 2014-ல ஏழு மாசம் சிறைத் தண்டனை. அப்போ அவருக்கு வயசு 88. கென்யாவுல சோலாய்னு ஒரு இடம். தனியார் பண்ணைக்குள்ள இருந்த மண் அணை, 2018 மே 9 ராத்திரி உடைஞ்சது. கீழே குடியிருந்தவங்கள்ல ஐம்பதுக்குச் சற்றுக் குறைவான பேர் இறந்தாங்க, அதுல நிறைய குழந்தைங்க.

இந்த ரெண்டையும் தேடிப் படிக்கறப்போதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. நம்ம ஊர்ல இப்படி நடந்தா யாரு பொறுப்பு? சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவுல அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-ல வந்தது. அந்தச் சட்டத்துக்குள்ள வரணும்னா அணை 15 மீட்டருக்கு மேல உயரமா இருக்கணும். இல்லைன்னா 10-ல இருந்து 15 மீட்டர் வரைக்கும் இருந்து, கூடவே நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் மாதிரி சில நிபந்தனைகள்ல ஏதாவது ஒண்ணு பொருந்தணும். பேச்சிப்பாறை மாதிரி அணைகளுக்கு ஆய்வு, பதிவேடு, அவசரத் திட்டம் எல்லாம் உண்டு. மாமாவோட கரை 4 மீட்டர். ஏட்டுல அது அணையே இல்லை. தமிழ்நாட்டுல 2007-ல வந்த ஏரிகள் ஆக்கிரமிப்புச் சட்டம் பொதுப்பணித்துறை கையில இருக்கிற ஏரிகளுக்கு. அதுலயும் இது வராது. மழைக்காலத்துக்கு முன்னாடி வந்து பார்க்க ஒரு அதிகாரியும் கிடையாது.

அப்போ கோர்ட்? இங்கேதான் கதை நம்ம பக்கம் திரும்புது. முதல்ல இங்கிலாந்து. 1860-ல லங்காஷயர்ல ரைலண்ட்ஸ்னு ஒரு மில் முதலாளி தன்னோட இடத்துல மில்லுக்காக ஒரு சின்ன நீர்த்தேக்கம் கட்டினார். அடியில பழைய சுரங்கக் குழி இருந்தது அவருக்குத் தெரியாது. தண்ணி அது வழியா இறங்கி ஃப்ளெட்சர்ங்கிறவரோட நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடிச்சிடுச்சு. ரைலண்ட்ஸ் மேல தனிப்பட்ட கவனக்குறைவு எதுவும் இல்லை. ஆனாலும் 1868-ல பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்போட சாரம் இதுதான்: ஆபத்தான ஒண்ணை உன் லாபத்துக்காக உன் நிலத்துல கொண்டுவந்து தேக்கி வச்சியா, அது வெளியேறினா நீதான் பொறுப்பு, தப்பு இருந்தாலும் இல்லாட்டாலும்.

இந்தத் தீர்ப்பு வந்த சூட்டோட அதை ஒரு கம்பெனி இந்தியாவுல எடுத்து வீசிப் பார்த்தது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. எதிராளி கார்வேட்டிநகரம் ஜமீன்தார். இன்னைக்கு ஆந்திராவுல சித்தூர் மாவட்டம், திருத்தணியில இருந்து ரொம்ப தூரமில்லை. ஜமீனுக்குள்ள இருந்த பழைய ஏரிகள் பெருமழையில உடைஞ்சு ரயில் பாதையை நாசமாக்கிடுச்சு. உன் ஏரி, உன் தண்ணி, நஷ்டத்தைக் கொடுன்னு கம்பெனி கேட்டது. வழக்கு லண்டன்ல பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1874-ல தீர்ப்பு வந்தது.

ஜமீன்தார் ஜெயிச்சார். ஆனா ஜெயிச்ச காரணத்தைக் கவனிக்கணும். இந்த ஏரிகள் ஜமீன்தார் தன் சொந்த லாபத்துக்காகக் கட்டினது இல்லை. நாட்டோட பாசன அமைப்புல ஒரு பகுதி, காலங்காலமா இருக்கிறது. ஏராளமான ஜனங்க இதை நம்பியிருக்காங்க. அதனால இதை வேண்டாம்னு தூர்த்துவிட ஜமீன்தாருக்கு அதிகாரமே இல்லை. காப்பாத்தி, பழுதுபார்த்து வச்சிருக்கிறது அவரோட கடமை. அந்தக் கடமையில கவனக்குறைவு இருந்தால்தான் அவர் பொறுப்பு. இதுதான் நீதிபதிகள் சொன்னது. ஏன் இந்தியாவை வேற மாதிரி பார்க்கணும்னு காட்ட, பெயர்ட் ஸ்மித்ங்கிற இன்ஜினியர் போட்ட ஒரு கணக்கையும் தீர்ப்புல எடுத்துக்கிட்டாங்க: மெட்ராஸ் மாகாணத்தோட 14 மாவட்டங்கள்ல மட்டும் 53,000 ஏரி, அதுல 10,000 பழுது, கரையோட மொத்த நீளம் சுமார் 30,000 மைல். பூமியை ஒரு சுத்து சுத்தினா 25,000 மைல்தான்.

எனக்கு இந்தத் தீர்ப்புல பிடிச்சது அந்த நடு வரி. உன் பேர்ல இருக்கு, ஆனா இடிக்க உனக்கு உரிமை இல்லை, பராமரிக்கத்தான் உரிமை. குளத்தைப் பத்தி இதைவிடச் சரியா யாரும் சொல்லலைன்னு நினைக்கிறேன். பிற்பாடு 1948-ல மெட்ராஸ் மாகாணத்துல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது, ஜமீன் ஏரிகள் சர்க்கார் கைக்கு மாறிச்சு. ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் இன்னைக்கும் ஃபைல்ல எக்ஸ்-ஜமீன் கண்மாய்னு எழுதறாங்க. நம்ம நாஞ்சில் நாடு அப்போ திருவிதாங்கூர்ல இருந்தது. 1956 நவம்பர் 1-லதான் இந்தப் பக்கம் வந்தோம்.

சரி, மாமா இதுல எங்கே நிக்கிறார்? நான் வக்கீல் இல்லை, என் வாசிப்பைச் சொல்றேன். மாமா கார்வேட்டிநகரம் ஜமீன்தார் இல்லை, ரைலண்ட்ஸ். பாட்டா அதைத் தன் தோட்டத்துக்காகக் கட்டினார். ஊர்ப் பாசனம் அதை நம்பி இல்லை. ஜமீன்தாரைக் காப்பாத்தின வாதம் அவரைக் காப்பாத்தாது. அப்படியே கவனக்குறைவை மட்டும்தான் பார்ப்போம்னு கோர்ட் சொன்னாலும், இருந்த மறுகாலை மூடினதை விடப் பெரிய கவனக்குறைவு என்ன இருக்கு? இதை நான் சொன்னப்போ மாமாவுக்குக் கோபம் வந்துடுச்சு. "எங்கப்பன் கட்டுன கொளத்துக்கு என்னையப் பிடிச்சு ஜெயில்ல போடுவானா?"ன்னார். அத்தைதான் உள்ளேயிருந்து, "நாலு வீட்டுலயும் பிள்ளைய கெடக்கு. மொதல்ல அதப் பேசுங்க"ன்னு சொன்னா. அதோட பேச்சு சட்டத்தை விட்டுக் கரைக்கு வந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ எல்லாரும் போய்ப் பார்த்தோம். பாட்டா காலத்துல இருந்து அந்தக் குளத்தைப் பார்த்துக்கிட்ட ஒரு அண்ணாச்சியையும் கூட்டிட்டுப் போனோம். அவருக்கு எழுபதுக்கு மேல. அவர் தண்ணிப் பக்கமே போகலை. நேரா கரையோட வெளிப்பக்கம் அடிவாரத்துக்கு இறங்கிப் போய், செருப்பைக் கழட்டிட்டு நடந்தார். கால்ல ஈரம் தட்டுதான்னு பார்க்கத்தான்.

கரையில கசிவு இருக்கறது தப்பில்லை. எல்லா மண் கரையும் கொஞ்சம் கசியும். பார்க்க வேண்டியது தண்ணி தெளிவா இருக்கா, கலங்கலா இருக்காங்கிறது. தெளிவா, ஒரே அளவா வந்தா கண்காணிச்சுக்கிட்டு இருக்கலாம். கலங்கி வந்தா கரையோட உள்மண்ணு வெளியே வருதுன்னு அர்த்தம். உள்ளே ஒரு எலி வளை மாதிரி பாதை உருவாகிக்கிட்டு இருக்கும், வெளிப்பக்கத்துல இருந்து தண்ணிப் பக்கத்தை நோக்கி. அது தண்ணியைத் தொட்ட நிமிஷம் கரை போயிடும், வானத்துல மேகமே இல்லாட்டாலும். நண்டு வளை, எலி வளை, கரையான் புத்து எல்லாம் இந்த வேலைக்கு ஒத்தாசை. பெரிய மரம் கரையில இருந்து அதை வெட்டிப்போட்டா வேர் மக்கி அங்கே ஒரு ஓட்டை இருக்கும். அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல டோக்கோவா ஃபால்ஸ்னு ஒரு சின்ன பைபிள் கல்லூரி. அவங்க இடத்துல இருந்த மண் அணை 40 அடி கூட இல்லை. 1977 நவம்பர் 6 ராத்திரி உடைஞ்சு 39 பேர் இறந்தாங்க. அந்தக் கரையோட வெளிச்சரிவு செங்குத்தா, மரமும் வேருமா இருந்ததும், சில வருஷம் முன்னாடியே ஒரு பக்கம் சரிஞ்சிருந்ததும் பிறகு விசாரணையில வந்தது. ஜார்ஜியாக்காரரான ஜிம்மி கார்ட்டர்தான் அப்போ ஜனாதிபதி. தனியார் அணைகளையும் சேர்த்து நாடு முழுக்க ஆய்வு பண்ணச் சொன்னார்.

நம்ம கரையில ரொம்பப் பயமா இருந்த இடம் மடைக் குழாய். பாட்டா போட்ட இரும்புக் குழாய், கரைக்கு அடியில குறுக்கே போகுது. மண்ணுக்கும் இரும்புக்கும் நடுவுல ஒரு மெல்லிய இடைவெளி எப்பவும் இருக்கும், தண்ணிக்கு அது போதும். அண்ணாச்சி குழாய் வெளிவர்ற இடத்துல ஒரு தொடை அகலத்துக்குச் சொதசொதப்பு கண்டுபிடிச்சார். ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சுப் பார்த்தோம். தெளிவாத்தான் இருந்தது. மாமா உடனே சிமெண்ட் போட்டுப் பூசிடலாம்னார். அதைச் செய்யக்கூடாது. வெளியே அடைச்சா உள்ளே அழுத்தம் ஏறி வேற பக்கமா வெடிக்கும். மேல மணல் பரப்பி, அதுக்கு மேல ஜல்லி போடணும். தண்ணி வரும், மண்ணு வராது. காபி வடிகட்டி மாதிரி.

நீர்மட்டத்தையும் இறக்கினோம், ஒரு நாளைக்கு ஒரு அடிக்கு மேல இல்லாம. அவசரமா இறக்கினா உள்பக்கச் சரிவு ஈர மண்ணோட கனத்துல சரிஞ்சு விழும். நாலு அடி இறக்க நாலு நாள் ஆச்சு. அப்புறம் ஜேசிபி வச்சு மறுகாலைத் தோண்டினோம். பாட்டா பாவின கருங்கல் அப்படியே இருந்தது. மாமா அதைப் பார்த்துட்டுக் கொஞ்ச நேரம் கரையில உட்கார்ந்துட்டார். வண்டிக்கு என்ன பண்றதுன்னு கேட்டா, பதில் ரொம்ப எளிசு: மறுகால் மேலயே தாழ்வா ஒரு தரைப்பாலம். தண்ணி பாயறப்போ வண்டி வராது, வருஷத்துல பத்து நாள். பைப்பைப் பிடுங்கிட்டோம். மீன் வலை மட்டும் மாமா விட்டுக்கொடுக்கலை. கடைசியில மறுகாலுக்குக் குறுக்கே இல்லாம, ரெண்டு ஆள் தள்ளிக் குளத்துக்குள்ளேயே, அடைச்சா தண்ணி மேல தாண்டிப் போற மாதிரி தாழ்வா கட்டிக்கிட்டார். எனக்கு அதுவும் பிடிக்கலை.

கீழே நாலு வீட்டுக்கும் போய்ப் பேசினோம். மூணு வீட்டுக்காரங்களுக்கு மேல ஒரு குளம் இருக்கிறதே சரியா தெரியாது, ரப்பர் மரம் மறைச்சிருக்கு. மாமா, அண்ணாச்சி, நாலு வீடு சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப். மழை ராத்திரியில அண்ணாச்சியோட பேரன் ஒரு குச்சியில அளவு பார்த்துப் போட்டோ போடறான். மறுகால்ல ஒரு அடிக்கு மேல பாஞ்சா வீட்டை விட்டு மேட்டுக்குப் போறதுன்னு பேச்சு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை நம்பர் 1077, அதையும் குரூப் பேர்லயே போட்டு வச்சிருக்கோம்.

ஒண்ணு மட்டும் பாக்கி. மறுகால்ல இருந்து தண்ணி போய் ஓடையில சேர்ற பழைய வாய்க்கால் இருக்கே, அது ரெண்டாவது வீட்டுக் காம்பவுண்டுக்குள்ள போகுது. மறுகால் மூடியிருந்த வருஷங்கள்ல அது காய்ஞ்சு கிடந்தது, அவங்க பட்டா நிலம்னு வாங்கிச் சுவர் எழுப்பிட்டாங்க. இப்போ மறுகாலைத் திறந்துவிட்டது நாங்க. தண்ணி வந்தா முதல்ல மோதறது அந்தச் சுவர்ல. சுவர்ல வழி விடச் செலவு யாரு தர்றதுன்னு மாமாவும் அவங்களும் ரெண்டு தடவை உட்கார்ந்து பேசியாச்சு. மாமா பாதி தர்றேன்னு சொல்றார். மூடினது நீங்கதானே, முழுசா தாங்கங்கறாங்க அவங்க. எனக்கு அவங்க கேக்கறதுதான் நியாயம்னு படுது, இன்னும் மாமாகிட்ட சொல்லலை. இந்த எபிசோடை அவர் கேட்டா தெரிஞ்சுக்குவார்.